பட்டந் துறந்த நீதிபதி: மணி ஐயர் சரித்திரச் சுருக்கம்

நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பெற்ற சபை விதிகளைப்பற்றி நம்மவர் பெருமையுடன் பேசுவதுண்டு. முப்பது குடும்புகளுக்கும் ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவனைக்கொண்டு எடுப்பித்து, வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்த முறையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயினும் அவ்விதிகளுள் ஒன்றை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவனும் அவனுடைய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகார். வாரியஞ் செய்தொழிந்து மூன்று வருஷம் நிரம்பாதவனும் தகான் என்று அக்கல் கூறுகின்றது. பதவி என்பது ஒருவன் வந்தமர்ந்து, கடனை முடித்து, கணக்கொப்பித்து, எழுந்து போதற்குரிய இடமேயன்றி, அவன் உடம்போடு ஒட்டிப் பிறந்த உறுப்பன்று என்பது நம் முன்னோர் துணிபு.

இத்துணிபைத் தம் வாழ்க்கையில் நடத்திக் காட்டிய பெரியார் ஒருவர் சரித்திரத்தை இவ்விதழிற் சுருக்கியெழுத முற்படுகின்றோம். அவர் சென்னை ஹைக்கோர்ட்டில் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் நீதிபதியாயிருந்த ஸர் எஸ். சுப்பிரமணிய ஐயர். மணி ஐயர் என்றே மக்கள் அவரை வழங்கினர். ஹிந்து, சுதேசமித்திரன் ஆகிய பத்திரிகைகளை வளர்த்த ஜி. சுப்பிரமணிய ஐயர் வேறு, இவர் வேறு. இருவரும் ஒரே காலத்தவராகவும் பொதுத்தொண்டில் ஈடுபட்டவராகவும் இருந்தமையால், பலர் ஒருவரை மற்றவராக மயங்குகின்றனர். ஆதலின் இதனை முதலிலேயே தெளிவுபடுத்தினோம்.

பிறப்பும் கல்வியும்

சுப்பிரமணிய ஐயர் 1842-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ந் தேதி மதுரை ஜில்லாவிற் பிறந்தார். தந்தையார் சூரவல்லி சுப்பையர். இராமநாதபுரம் ஜமீனுக்காகச் சட்ட விவகாரங்களைப் பார்த்துவந்தவர். பிள்ளைக்கு இரண்டு பிராயம் ஆவதற்குள் தந்தையார் காலமானார். தந்தையில்லாப் பிள்ளையாய் வளர்ந்து, மதுரையில் மிஷன் பள்ளியிலும், பிறகு ஜில்லாப் பள்ளியிலும் ஆங்கிலம் கற்றுத் தேர்ந்தார்.

அக்காலத்தில் ஆங்கிலங் கற்றவனுக்குச் சர்க்கார் உத்தியோகமே கண்முன் நின்ற வழி. நம் கதாநாயகரும் சிறு குமாஸ்தா வேலையிலேயே தொடங்கினார். ஆயினும் அவர் அங்கேயே தங்கிவிடவில்லை. பகலெல்லாம் கச்சேரி வேலை. மற்ற நேரமெல்லாம் சட்டப் படிப்பு. கலாசாலையிற் சேர்ந்து ஆசிரியரிடம் பாடங் கேட்கும் வசதியில்லாமல், தாமே படித்துச் சர்வகலாசாலைப் பரீட்சைகளுக்குச் சென்று, 1868-ல் பி.எல். பட்டம் பெற்றார். மறுவருஷமே மதுரையில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். இருபத்தாறாம் பிராயத்தில், எவர் கைதூக்கலுமின்றி, தம் முயற்சியால் அடைந்த முதற் படி இது.

மதுரையில் பதினைந்து வருஷம்

மதுரையில் இவருடைய தொழில் விரைவில் ஓங்கிற்று. பணம் வந்தது, பெயரும் வந்தது. அவ்விரண்டையும் வீட்டுக்குள் அடைத்து வைத்துக்கொள்ளாமல், நகரசபைக் கமிஷனராக அமர்ந்து ஊர்ப் பொதுக் காரியங்களையும் கவனித்துவந்தார். தென்னாட்டையே வாட்டி வதைத்த தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரையில் நிகழ்ந்தது. கோர்ட்டில் வாய்தாவுக்கு வரும் குடியானவனுடைய முகத்தில் எழுதியிருந்த பசியை நேரிற் கண்டவர் இவர். சட்டப் புத்தகத்துக்கும் குடிமக்கள் வாழ்வுக்கும் இடையிலுள்ள தூரத்தை அறிதற்கு இதனினும் சிறந்த கலாசாலை வேறில்லை.

1884-ல் இவருடைய மனைவியார் காலமானார். அதன்பின் 1885-ல் மதுரையை விட்டுச் சென்னை சேர்ந்தார். சென்னைச் சட்டநிரூபண சபைக்கு 1884-லேயே நியமனம் பெற்றிருந்தார். 1885-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் பம்பாயில் இந்திய தேசீய காங்கிரஸின் முதற் கூட்டம் கூடியபோது, அங்கே வந்திருந்த எழுபத்திரண்டு பிரதிநிதிகளுள் இவரும் ஒருவர். பின்னாளில் நடந்தவற்றை அறிதற்கு இதனை நினைவில் வைத்தல் வேண்டும். முதுமையில் திடீரென அரசியல் ஆவேசங் கொண்டவரல்லர் இவர். காங்கிரஸ் பிறந்த நாளிலேயே அதன் தொட்டிலருகே நின்றவர்.

நீதிபீடத்துக்கு வந்த வழி

1888-ல் ஹைக்கோர்ட்டிற் சர்க்கார் வக்கீலாக நியமிக்கப்பெற்றார். இந்தியர் ஒருவர் சென்னையில் அப்பதவி வகித்தது அதுவே முதன்முறை. 1891-ல் சி.ஐ.இ. என்னும் விருது வந்தது. 1895-ஆம் வருஷம் ஜனவரி மாதம் ஸர் தி. முத்துசாமி ஐயர் காலஞ்சென்றார். சென்னை ஹைக்கோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியாகிய அப்பெரியார் இருந்த ஆசனத்துக்குச் சுப்பிரமணிய ஐயர் தெரிந்தெடுக்கப்பட்டார்.

அப்பதவியின் உயரத்தை இக்காலத்தார் உள்ளபடி அறிதல் கடினம். இன்று ஹைக்கோர்ட்டுக்கு மேல் டெல்லியில் சுப்ரீம் கோர்ட்டு இருக்கின்றது. அதற்கு முன்னிருந்த பெடரல் கோர்ட்டும் 1937-ல்தான் ஏற்பட்டது. மணி ஐயர் காலத்தில் இந்நாட்டில் ஹைக்கோர்ட்டுக்கு மேற்பட்ட நீதிஸ்தலமே கிடையாது. அதற்கு மேற்போக வேண்டுமாயின் கடல் கடந்து லண்டனிலுள்ள பிரிவிகவுன்ஸிலுக்கே போதல் வேண்டும். அக்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த நம் பக்கத்து ஏரிப் பாசனத் தகராறாயினும், வயல் வரப்பு வழக்காயினும், முன்சீபு கோர்ட்டில் தொடங்கி ஜில்லாக் கோர்ட்டைக் கடந்து சென்னைக்கு வந்து சேர்ந்தால், பெரும்பாலார்க்கு அங்கே கிடைக்குந் தீர்ப்பே முடிந்த தீர்ப்பு. சீமைக்குப் போய் அப்பீல் செய்யத் தக்க செல்வம் எத்தனை பேரிடம் இருந்தது?

இத்துணை உயர்ந்த நீதிஸ்தலத்திலும் இந்தியனுக்கு ஓர் எல்லை கோலப்பட்டிருந்தது. 1861-ஆம் வருஷத்து ஹைக்கோர்ட்டுச் சட்டப்படி, பத்து வருஷம் வக்கீலாயிருந்தவர் நீதிபதியாகலாம். ஆனால் பிரதம நீதிபதியாக நிலைத்திருப்பவர் பாரிஸ்டராகவே இருத்தல் வேண்டும். ஆதலால் இந்நாட்டிலேயே படித்துத் தேறிய வக்கீல் எத்துணைத் திறமை யுடையவராயினும், அவ்வாசனத்தில் இடைக்காலத்துக்கு அமரலாமேயொழிய நிலையாக அமர முடியாது. சுப்பிரமணிய ஐயர் 1899, 1903, 1906 ஆகிய மூன்று வருஷங்களில் பிரதம நீதிபதி வேலையைத் தற்காலிகமாகப் பார்த்தார். மும்முறையும் வேலையைச் செம்மையாகச் செய்து, மும்முறையும் ஆசனத்தை வேறொருவர்க்கு விட்டு எழுந்தார். சென்னை ஹைக்கோர்ட்டுக்கு நிலையான பிரதம நீதிபதியாக ஓர் இந்தியர் வந்தது, நாடு விடுதலையடைந்த பின்னர், 1948-ல் பி. வி. ராஜமன்னார் நியமிக்கப்பட்டபோதுதான்.

நீதிபதியின் தொழில்

நீதிபதியின் வேலை வெளிக்குத் தெரிவதன்று. மேடைப் பேச்சுக்குக் கைதட்டலுண்டு, தீர்ப்புக்குக் கைதட்டுவாரில்லை. ஒருவன் மகிழ்ந்தால் மற்றொருவன் வருந்துவான். ஆயினும் நல்ல தீர்ப்பு எழுதினவர் மறைந்த பின்னும் அது வேலை செய்துகொண்டேயிருக்கும். இதற்கு ஓர் உதாரணங் காட்டுவோம்.

மடங்களின் சொத்துக்கு மடாதிபதி உடையவரா, அல்லது பிறர்க்காகக் காத்துவரும் தர்மகர்த்தா மாத்திரமா என்பது நெடுநாளாகத் தீராத கேள்வி. ஆங்கிலச் சட்டத்தில் மடம் என்பதே இல்லை. ஆகவே அச்சட்டத்திலுள்ள சொற்களைக்கொண்டு நம் நாட்டு ஏற்பாட்டை அளப்பது, நாழியைக்கொண்டு துணி அளப்பது போலாகும். வித்யாபூர்ண தீர்த்த ஸ்வாமி வழக்கு என்று வழங்கும் 1904-ஆம் வருஷத்து வழக்கில், சுப்பிரமணிய ஐயரும் ஸர் வெ. பாஷ்யம் ஐயங்காரும் ஒருங்கிருந்து இதனை ஆராய்ந்தனர். மடாதிபதியை வெறுந் தர்மகர்த்தாவாகக் கொள்ளலாகாது என்றும், அவருக்கு ஆயுள் உள்ளளவும் ஒருவகை அநுபவ உரிமை உண்டென்றும் அவர்கள் முடிவு செய்தனர். பின் வந்த தீர்ப்புக்களில் இம்முடிவின் ஒரு பகுதி மாற்றமடைந்தது. ஆயுள் உரிமை என்னும் ஒப்புமையைப் பின்வந்தார் ஏற்கவில்லை. ஆயினும், மடாதிபதி கண்டிப்பான பொருளில் தர்மகர்த்தா அல்லர் என்னும் கருத்தை 1954-ல் சிரூர் மட வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் மேற்கொண்டது. அரை நூற்றாண்டு கழித்தும் ஆராயத்தக்கதாய் நின்ற தீர்ப்பு, அதனை எழுதினோரின் உழைப்புக்குச் சான்று.

1900-ல் இவருக்குக் கே.சி.ஐ.இ. என்னும் பெரும் பட்டம் வழங்கப்பெற்றது. அதனால் ஸர் என்னும் அடைமொழி பெயருக்குமுன் சேர்ந்தது. திவான் பகதூர் பட்டமும் உண்டு. 1904-ல் சென்னைச் சர்வகலாசாலையின் உப அத்தியக்ஷர் பதவியை வகித்தார். இந்தியருள் அப்பதவிக்கு வந்தவர் இவரே முதல்வர். 1907-ல் கண்பார்வை குன்றவே நீதிபதி பதவியினின்றும் விலகினார். தீர்ப்பெழுதுங் காகிதத்தைத் தாமே படித்தறிய இயலாதபோது ஆசனத்திலிருத்தல் முறையன்றென்று கொண்டு எழுந்தது, வாரியஞ் செய்தொழியும் நம் பழைய விதிக்கு ஒத்த செயலேயாகும். அடுத்த வருஷத்தில் சர்வகலாசாலை இவருக்கு எல்எல்.டி. என்னும் கௌரவப் பட்டம் அளித்தது. இப்பட்டத்தை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும். பின்னர் இதற்கு ஒரு காரியம் இருக்கின்றது.

ஓய்வில் எழுந்த ஊக்கம்

நீதிபதியாயிருந்த காலத்தில் இவர் அரசியல் மேடை ஏறவில்லை. ஏறுதல் நீதிபதிக்குத் தகாது. ஓய்வு பெற்றபின் அத்தடை நீங்கிற்று. பிரம்மஞான சபையில் நெடுநாள் ஈடுபாடுடைய இவர், 1907 முதல் 1911 வரையில் அதன் உப அக்கிராசனராக இருந்தார். அச்சபையின் தலைவியாகிய அன்னி பெஸண்டு அம்மையார் 1916-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் சென்னையில் ஹோம்ரூல் லீக் என்னும் சுயாட்சிச் சங்கத்தை நிறுவியபோது, மணி ஐயர் அதன் கௌரவத் தலைவரானார். அப்போது அவருக்குப் பிராயம் எழுபத்து நான்கு நிரம்புந் தறுவாய். கண்ணொளி குறைந்த கிழவர். ஊரார் மதிப்பும் அரசாங்க மதிப்பும் ஒருங்கே பெற்றவர். இனிப் பெறவேண்டியது ஒன்றுமில்லாதவர். இத்தகையவர் சாய்வு நாற்காலியிற் கிடந்து பேரன்மாருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தால் எவரும் குறை கூறார்.

1917-ஆம் வருஷம் ஜூன் மாத நடுவில் சென்னைக் கவர்னர் பெண்ட்லண்டு பிரபுவின் அரசாங்கம் பெஸண்டு அம்மையாரையும், அருண்டேல், வாடியா என்னும் அவருடைய தோழர் இருவரையும் காவலில் வைத்தது. கோர்ட்டில் விசாரணையில்லை, நிரூபிக்கப்பட்ட குற்றமில்லை, உத்தரவு ஒன்றே போதுமாயிற்று. ஒருவன் சொல்லைக் கேளாமல் அவனைத் தண்டிக்கலாகாது என்பது நீதிபதியின் முதற் பாடம். அப்பாடத்தைப் பன்னிரண்டு வருஷம் பீடத்திலிருந்து நடத்தியவருக்கு இதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருத்தல் எங்ஙனம் கூடும்?

வில்ஸனுக்கு எழுதிய கடிதம்

அப்போது ஐரோப்பாவில் மகாயுத்தம் நடந்துகொண்டிருந்தது. 1917-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவும் யுத்தத்திற் புகுந்தது. ஜனநாயகத்தைக் காத்தற்காகவே தம் நாடு போர் புரிகின்றது என்று அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்ஸன் உலகறியக் கூறியிருந்தார். அச்சொல் உண்மையாயின் அது இந்தியாவுக்கும் பொருந்த வேண்டுமன்றோ என்று மணி ஐயர் எண்ணினார். ஜூன் மாதம் 24-ந் தேதி, ஹோம்ரூல் லீக்கின் கௌரவத் தலைவர் என்ற முறையில், வில்ஸனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவின் நிலைமையையும், விசாரணையின்றி நிகழும் அடக்குமுறையையும் அதில் விவரித்து, இந்தியாவுக்குச் சுயாட்சி வாக்களிக்கப்படுமாயின் யுத்தத்துக்கு லக்ஷக்கணக்கான வீரர் முன்வருவர் என்றும் உறுதி கூறினார். யுத்தகாலத்தில் தபால்கள் பரிசோதிக்கப்பட்டு வந்தமையால், ஹாட்ச்னர் என்னும் அமெரிக்கத் தம்பதிகள் கடிதத்தைக் கையோடு எடுத்துச் சென்று சேர்ப்பித்தனர். அது அமெரிக்காவில் அச்சேறிப் பரவிற்று.

இச்செயல் தகுமா என்பதில் அக்காலத்திலேயே இருவேறு கொள்கை இருந்தது. அரசாங்கத்தின் சம்பளமுண்டு, பட்டமணிந்து, ஓய்வூதியமும் பெறும் ஒருவர், போர் நடக்கும்போது அயல்நாட்டுத் தலைவரிடம் தம் அரசாங்கத்தைக் குறைகூறுவது நன்றியின்மை என்றனர் ஒருசாரார். சேனைக்கு வருவோர் தொகையை அவர் மிகைப்படக் கூறினார் என்பாரும் உண்டு. அதனை மறுத்தலும் எளிதன்று. ஆயினும் நன்றியின்மை என்ற குற்றம் நில்லாது. நீதிபதி வாங்கிய சம்பளம் அவர் செய்த வேலைக்குக் கூலி. அவர் நாவுக்கு விலையன்று. மேலும், பெயரை மறைத்தோ பிறர் முதுகுக்குப்பின் ஒளிந்தோ அவர் எழுதவில்லை. கடிதத்தின் அடியில் தம் பெயரைப் பட்டங்களோடு எழுதியே அனுப்பினார். விளைவு யாதாயினும் ஏற்கச் சித்தமாயிருந்தார்.

பெஸண்டு அம்மையார் செப்டம்பர் மாதத்தில் விடுதலையடைந்தார். அவ்வருஷ முடிவில் கல்கத்தாக் காங்கிரஸுக்குத் தலைமையும் வகித்தார். அதற்கு முன், ஆகஸ்டு மாதம் 20-ந் தேதி, இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி வழங்கப்படும் என்று இந்தியா மந்திரி மாண்டேகு பார்லிமெண்டில் அறிவித்திருந்தார். மாண்டேகும் இராஜப்பிரதிநிதி செம்ஸ்போர்டு பிரபுவும் அவ்வருஷம் டிசம்பரில் சென்னைக்கு வந்தபோது, கடிதத்தைக் குறித்து முதியவர் கடிந்துரைக்கப்பட்டார். 1918-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பார்லிமெண்டில் இதுபற்றிக் கேள்வி யெழவே, மாண்டேகு அக்கடிதத்தை மிகக் கடுமையான மொழியால் இகழ்ந்து பேசினார். அங்கே எழுந்து மறுமொழி கூறச் சுப்பிரமணிய ஐயருக்கு இடமில்லை. விசாரணையின்றித் தண்டிப்பதை எதிர்த்தவரை, அவர் சொல்லைக் கேளாமலே தண்டித்தனர்.

பட்டந் துறந்தது

இந்நிலையில் மற்றொருவராயின் மன்னிப்பு விண்ணப்பம் எழுதியிருப்பார். அல்லது காலம் மாறுமென்று வாய்மூடியிருப்பார். மணி ஐயர் இரண்டுஞ் செய்யவில்லை. கே.சி.ஐ.இ., திவான் பகதூர் என்னும் இரு பட்டங்களும் இனித் தமக்கு வேண்டா என்று அரசாங்கத்துக்கு எழுதி அவற்றைத் துறந்தார். ஸர் என்னும் அடைமொழியை விடுத்து, சர்வகலாசாலை கல்விக்காக அளித்த எல்எல்.டி. பட்டத்தைமட்டும் வைத்துக்கொண்டார். அதுமுதல் அவர் டாக்டர் சுப்பிரமணிய ஐயராயினார். அரசன் கொடுத்தது அரசனிடம் போயிற்று. கற்றுப் பெற்றது கற்றவனிடம் நின்றது.

வருஷக் கணக்கை இங்கே கவனித்தல் வேண்டும். மகாகவி இரவீந்திரநாதர் ஜாலியன்வாலாபாக் கொடுமையை முன்னிட்டு ஸர் பட்டத்தைத் துறந்தது 1919-ஆம் வருஷம் மே மாத முடிவில். அதே காரணத்தால், சென்னை ஹைக்கோர்ட்டில் நீதிபதியாயிருந்த ஸர் சி. சங்கரன் நாயர் வைசிராயின் நிர்வாக சபையினின்றும் விலகியதும் அவ்வருஷத்திலேயே. பட்டங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று காந்தியடிகள் நாட்டுக்குக் கூறியது 1920-ல். இவ்வளவுக்கும் முன்னதாக, பின்பற்ற ஒரு முன்மாதிரியும் இல்லாத காலத்தில், எழுபத்தைந்து பிராயத்து முதியவர் ஒருவர் சென்னையில் தனித்து நின்று இதனைச் செய்தார். நாடெங்கும் செய்யும்போது செய்வது எளிது. முதலிற் செய்வதே அரிது.

முடிவு

அதன்பின் ஆறு வருஷம் வாழ்ந்து, 1924-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 5-ந் தேதி மணி ஐயர் உலகவாழ்வை நீத்தார். சென்னைக் கடற்கரையையொட்டிய சர்வகலாசாலைச் செனட் மண்டப வளாகத்தில் அவருடைய சிலை நிற்கின்றது. நம் பக்கத்திலிருந்து பட்டணம் போவோர் கடற்கரைக்குச் செல்லும்போது அதனையும் ஒருமுறை பார்த்துவருதல் நன்று.

நம் பிள்ளைகள் இன்று நன்கு படிக்கின்றனர். உத்தியோகமும் பெறுகின்றனர். அவர்கள் பெறும் சிறப்புக்களை நம் கூட்டங்களில் எடுத்துக் கூறி மாலை சூட்டுகின்றோம், அது தக்கதே. ஆனால் ஒருவன் எதனைப் பெற்றான் என்று கேட்கும் நாம், அதனை எதன்பொருட்டு விடுவான் என்று கேட்பதில்லை. குமாஸ்தாவாய்த் தொடங்கியவர் தம் உழைப்பால் பிரதம நீதிபதி ஆசனம் வரை ஏறியது பெரிது. கண் மங்கியதும் அவ்வாசனத்தை விட்டது அதனினும் பெரிது. மனச்சாட்சிக்கும் பட்டத்துக்கும் மாறுபாடு நேர்ந்தபோது பட்டத்தைக் கழற்றிவைத்தது எல்லாவற்றினும் பெரிது. முதலாவதைச் செய்யக் கல்வி போதும். மற்றவற்றைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். கல்வியோடு அதனையும் நம் இல்லங்களிற் பயிற்றுவோமாக.